ஆறு சீல் இருந்த சர்வீஸ் புக்கு

வீட்ல அவளுக்குப் பேரு வக்கீல். அப்பா வச்ச பேரு. சோப்பு கவர்ல இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடாம படிச்சு, "இதுல அப்படிப் போடலையே"ன்னு கடைக்காரர்கிட்டயே மல்லுக்கு நிக்கிற பொண்ணு. நேர்ல யாரா இருந்தாலும் பேசிடுவா. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு ஃபோன் போட்டுப் பேசுன்னா மட்டும் நாக்கு மேல ஒட்டிக்கும். இது அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம். பதினாறு வயசுல இதை எப்படி வெளிய சொல்றது?

அம்மா நர்ஸ். இத்தனை வருஷமா நடக்குற தூரத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில வேலை. இப்ப ஹெட் நர்ஸாக்கி, நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து விடியக்காலை டியூட்டி. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அதனாலதான் கார் வாங்குற பேச்சே வந்துச்சு, அதுவும் பழைய காரு. அம்மாவுக்கு நல்லா ஓட்டத் தெரியும். அப்பாவுக்கு ஒயரிங் வேலை. கரண்ட்டுன்னா அத்துப்படி, காருன்னா கதவைத் திறந்து மூடத் தெரியும், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் ஓடின ஒரு வெள்ளைக் காரு தோதா அமைஞ்சுது. எதிர்வீட்டு லாரி டிரைவர் மாமா வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டார். பேப்பர் சமாச்சாரம் எல்லாம் வக்கீல் பாத்துக்கும்னு அப்பா சர்வீஸ் புக்கைத் தூக்கி அவ கையில குடுத்துட்டார். வருஷா வருஷம் சர்வீஸ் பண்ண சீல் இருக்கான்னு பாக்கணும். அதுல இருக்கிற நம்பர்ல ஒர்க் ஷாப்புக்கு ஃபோன் போட்டு, எழுதியிருக்கிறது உண்மைதானான்னு விசாரிக்கணும். ரெண்டே ரெண்டு வேலை.

சீல் எண்ணினா. ஆறு இருந்துச்சு. அப்புறம் ஃபோன் எடுத்தா.

என்ன பேசணும்னு நோட்டுல எழுதி வச்சு, மூணு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டா. ஒரு ரிங் போச்சு, கட் பண்ணிட்டா. ரெண்டாவது தடவை யாரோ ஒரு ஆம்பளைக் குரல், பின்னாடி இரும்பை அறுக்குற சத்தம், "ஹலோ, யாரு, சத்தமாப் பேசுங்க"ன்னுச்சு. அதையும் கட் பண்ணிட்டா. அப்பா வந்து என்னாச்சுன்னு கேட்டப்ப, விசாரிச்சுட்டேன்பா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டா. சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னோம்னே அவளுக்கு உறைச்சுது. அதுக்குள்ள அப்பா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

அன்னைக்கு சாயங்காலமே கார் வாசல்ல வந்து நின்னுடுச்சு. அப்பா விட்டாரா? லாரி மாமாகிட்ட, கீழ்வீட்டுக்காரங்ககிட்ட, பால் போடுறவர்கிட்டகூட, எங்க வக்கீல் நேரா ஒர்க் ஷாப்புக்கே ஃபோன் போட்டு ஜாதகத்தை அலசிடுச்சுன்னு பெருமையடிச்சுக்கிட்டார். அவ ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்கு சொல்லி உள்ள போயிடுவா. ஆனாலும் ஆறு சீல் இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டா.

வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வினையே. அடுத்த சர்வீஸ் எப்பன்னு பாத்து ஃபோன்ல குறிச்சு வையின்னு அம்மா டியூட்டிக்குப் போறப்ப சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அவ புக்கைத் திறந்தா. இந்தத் தடவை சீலைப் பாக்கல, சீலுக்குப் பக்கத்துல இருந்த நம்பரைப் பாத்தா.

மூணாவது சர்வீஸ்ல முப்பத்து மூவாயிரம் கிலோமீட்டர். நாலாவதுல எழுபத்தோராயிரம். அஞ்சாவதுல நாப்பத்தொம்பதாயிரம்.

ரெண்டாந்தடவை பாத்தா. விரலை வச்சுப் பாத்தா. ஓடுற வண்டியில கிலோமீட்டர் ஏறுமே தவிர எங்கயாவது இறங்குமா? மீட்டரைத் திருப்பி வச்சுட்டாங்கன்னா மட்டும்தான் இறங்கும். ஃபோனை எடுத்துத் தேடித் தேடிப் படிச்சா. படிக்கப் படிக்க பயம்தான் ஏறுச்சு. எஞ்சினுக்குள்ள டைமிங் பெல்ட்டுன்னு ஒரு ரப்பர் பெல்ட் ஓடுதாம். அறுபதாயிரம் கிலோமீட்டர் இல்லைன்னா அஞ்சு வருஷம், எது முன்னாடி வருதோ அப்ப மாத்தணுமாம். மாத்தாம விட்டு அறுந்துச்சுன்னா, ஓடிக்கிட்டிருக்கிற வண்டி அப்படியே நின்னுடுமாம். பெல்ட் மாத்தியாச்சுன்னு புக்குல எழுதியிருந்துச்சு. எங்க எழுதியிருந்துச்சு? அந்த எழுபத்தோராயிரம் வரியில. அந்த வரியே பொய்யின்னா?

விடியக்காலை இருட்டு, நாலு வழி ரோடு, நடுவுல நின்னுபோன வெள்ளைக் காரு, பின்னாடி லாரி. அதுக்கு மேல அவளால நினைக்க முடியல.

அப்பா குறட்டை விட்டுக்கிட்டிருந்தார். பத்தரை மணிக்கு அம்மா வந்தாங்க. தட்டை எடுத்துப் போட்டுக்கிட்டு அடுப்படியிலயே உக்காந்தாங்க. இவ புக்கை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நிலைப்படியில நின்னா. தூங்கலையான்னு கேட்டாங்க. தண்ணி குடிக்க வந்தேன்னா. குடிச்சா. மறுபடியும் அங்கயே நின்னா.

"சொல்லு. என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் அந்த ஒர்க் ஷாப்புக்குப் பேசவே இல்லம்மா. அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அம்மா வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாங்க. "ஏன் பேசல?"

"பயமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து?"

"யாருன்னு பாக்க முடியலையே, அதான் பயம்."

அம்மாவுக்கு சிரிப்பு வந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அடக்கிக்கிட்டாங்க. இவ புக்கைத் தரையில விரிச்சு, மூணு நம்பரையும் காட்டி, பெல்ட்டு, மீட்டரு, லாரின்னு மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டிட்டா. கொட்டுற வேகத்துல அழுகையும் கூடவே வந்துடுச்சு. நீ திங்கக்கிழமை போகக் கூடாதும்மான்னா. அம்மா இடது கையால புக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"காலையில நாம ரெண்டு பேரும் அங்க போறோம். அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும். ஆனா முதல்ல முழுசும் தெரியட்டும். பாதியைச் சொல்லி அந்த மனுஷனைத் தூங்க விடாம பண்ணாத."

காலையில, ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்னு அப்பாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினாங்க. பத்து நிமிஷ தூரம்தான். அம்மா மாட்டு வண்டி கணக்கா ஓட்டினாங்க. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இவ சீட்டைப் பிடிச்சுக்கிட்டா. பின்னாடி வந்தவன்லாம் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போனான். பெல்ட் அறுந்தா முன்கூட்டி ஏதாவது சத்தம் வருமாம்மான்னு கேட்டா. நீ கொஞ்சம் வாயை மூடினா கேக்கும்னாங்க அம்மா.

ஒர்க் ஷாப்புல நாலு காரு வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஓரத்துல ஒரு மேஜை, மேஜை நிறைய ஃபைலு, அதுக்குப் பின்னாடி மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு ஒரு அக்கா. கணக்கு வழக்கு, சீலு, சாவி எல்லாம் அந்த அக்கா பொறுப்பு. அம்மா புக்கை மேஜை மேல வச்சு, இவ முதுகுல ஒரு தட்டு தட்டி முன்னாடி தள்ளினாங்க. நேர்ல பேசுறதுதானே, பேசிட்டா. எழுபத்தோராயிரம் எப்படிக்கா நாப்பத்தொம்பதாயிரம் ஆகும்னு பாயிண்ட்டாவே கேட்டா.

அந்த அக்கா கண்ணாடியை இறக்கிக்கிட்டுப் பாத்தாங்க. சீலு எங்களுதுதான், கையெழுத்தும் என்னுதுதான்னு இழுத்தாங்க. அலமாரியைக் குடைஞ்சு, அந்தத் தேதிக்கான ஜாப் கார்டு கட்டை எடுத்துப் போட்டாங்க. எந்த வண்டிக்கு என்ன வேலை பண்ணாங்கன்னு அன்னன்னைக்கு எழுதி வைக்கிற சீட்டு அது. எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாங்க. ஒரு சீட்டை எடுத்தாங்க, இன்னொரு சீட்டை எடுத்தாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. அப்புறம் தலையில கையை வச்சுக்கிட்டாங்க.

"ஐயோ, இது அந்த அண்ணன் தம்பி வண்டிம்மா."

விஷயம் என்னன்னா, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒரே நாள்ல, ஒரே கம்பெனியில, ஒரே மாடலு, ஒரே வெள்ளைக் கலரு, ஆளுக்கொரு காரு வாங்கியிருக்காங்க. அண்ணனுக்கு மருந்துக் கம்பெனியில ஊர் ஊராச் சுத்துற வேலை. தம்பி பள்ளிக்கூட வாத்தியாரு, வண்டியை எடுக்கிறதே அபூர்வம். என்ன ஒத்துமையோ, சர்வீஸுக்கும் ரெண்டு வண்டியையும் ஒரே நாள்லதான் கொண்டு வந்து விடுவாங்களாம். நாலாவது வருஷம் இந்த அக்கா ரெண்டு புக்கையும் ஒரே சமயத்துல எழுதினப்ப, அண்ணன் புக்குல தம்பி வண்டி சமாச்சாரத்தையும், தம்பி புக்குல அண்ணன் வண்டி சமாச்சாரத்தையும் எழுதி சீல் அடிச்சுட்டாங்க. வண்டி நம்பர் புக்குல முதல் பக்கத்துல மட்டும்தானே இருக்கும், யாரு பாத்தா? இவங்க வாங்கினது தம்பி காரு. ஜாப் கார்டுல அந்த நாலாவது வருஷக் கணக்கு நாப்பத்தோராயிரம்னு பளிச்சுன்னு இருந்துச்சு. மீட்டர்ல யாரும் கையே வைக்கல.

அவளுக்கு உடம்புல இருந்த காத்தெல்லாம் இறங்கின மாதிரி ஆச்சு. பக்கத்துல கிடந்த டயர் மேலயே உக்காந்துட்டா.

வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டிருந்த மெக்கானிக்கு தலையை மட்டும் வெளிய நீட்டினார். போன மாசம் அண்ணன்காரரு வந்து, புக்குல எழுதலை, எனக்கு இன்னும் பெல்ட்டே மாத்தலைன்னு ஒத்தக்கால்ல நின்னு, மறுபடியும் ஒரு பெல்ட்டு மாத்திட்டுப் போனாராம். கழட்டின பெல்ட்டு புதுசாட்டம் இருக்கேன்னு நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், இந்த மகராசி காதுல வாங்கினாத்தானேன்னார். அக்கா சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம, அவருக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஃபோன் பண்றதுன்னு புலம்பினாங்க. எங்க வார்டுல ரெண்டு பேரோட சீட்டு மாறினா என்னைக் கொன்னே போடுவாங்கன்னு அம்மா சிரிச்சாங்க.

சிரிப்பு அடங்குற நேரத்துலதான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. டயரை விட்டு எழுந்தா.

"அப்போ பெல்ட் மாத்தினது அந்த அண்ணன் வண்டிக்குத்தானே? எங்க வண்டிக்கு யாரு மாத்தினா?"

மெக்கானிக்கு எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்தார். வண்டியோட முன்பக்க மூடியைத் திறந்து, எஞ்சின் ஓரத்துல இருந்த பிளாஸ்டிக் கவரைக் கழட்டி, டார்ச் அடிச்சு, வா பாருன்னு கூப்பிட்டார். உள்ள இருந்த கறுப்பு பெல்ட்டுல முடி மாதிரி மெல்லிசா விரிசல், வரிசையா, கால் பித்தவெடிப்பு மாதிரி ஓடியிருந்துச்சு. கிலோமீட்டர் இன்னும் ஆகல, ஆனா வருஷம் தாண்டிடுச்சேன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். எத்தனை நாள்னு மட்டும் கேக்காதீங்க."

அம்மா அந்த விரிசலையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் அவ தோள்ல கை போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. சீட்டு மாறினது தன் தப்புதான்னு அக்காவே ஒத்துக்கிட்டு, சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்துடுறோம்னாங்க. தப்பா இருந்த வரியை அடிச்சுட்டு, பக்கத்துல சரியான கணக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க.

ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தாங்க. அப்பா கூடத்துல ஒயரை விரிச்சுப் போட்டுச் சுருட்டிக்கிட்டிருந்தார். வண்டி எங்கன்னார். அம்மா உள்ள போயிட்டாங்க. இவ ஒயருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ஃபோன் போடாததுலேர்ந்து பெல்ட் விரிசல் வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னா. அடிப்பாருன்னு நினைக்கல, அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கத்துவாருன்னு நினைச்சா. அப்பா சுருட்டின ஒயரைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"பேசப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேனேடா. பத்து நிமிஷம்தானே."

அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு நாலு அறை விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு அவளுக்கு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, இந்த முனையைப் பிடின்னார். பிடிச்சா. ரெண்டு பேருமா மிச்ச ஒயரைச் சுருட்டி முடிச்சாங்க.

சாயங்காலம் வண்டி வந்தப்ப லாரி மாமா அப்பாவை வாசல்லயே மடக்கி, அதான் எல்லாம் விசாரிச்சாச்சே, மறுபடி எதுக்கு ஒர்க் ஷாப்புன்னு கேட்டார். இவ அப்பா மூஞ்சியையே பாத்தா. அப்பா இவளைத் திரும்பிக்கூடப் பாக்கல. விசாரிச்சதுலதான் பெல்ட்டு மாத்தலன்னு தெரிஞ்சுது, மாத்தியாச்சுன்னார். அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. வக்கீலாலகூட அப்படிப் பேசியிருக்க முடியாது.

திங்கக்கிழமை நாலரைக்கு அம்மா கிளம்பினாங்க. இருட்டுக்குள்ள வண்டி விளக்கு தெருமுனை திரும்புற வரைக்கும் ரெண்டு பேரும் வாசல்ல நின்னாங்க. அப்பா போய்ப் படுத்துட்டார். அவ ஃபோனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு விட்டத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தா. இந்நேரம் பாலம் தாண்டியிருப்பாங்க, இந்நேரம் பெட்ரோல் பங்க் தாண்டியிருப்பாங்கன்னு மனசு கூடவே ஓடிக்கிட்டிருந்துச்சு. அஞ்சு இருபதுக்கு ஃபோன் அதிர்ந்துச்சு. சேந்துட்டேன், வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு, போய்த் தூங்குன்னு அம்மா அனுப்பியிருந்தாங்க.

மூணு ராத்திரி தூக்கம் பாக்கி. புரண்டு படுத்தவதான். ஏழரைக்கு ஸ்கூல் பஸ் வந்து வாசல்ல ஹாரன் மேல ஹாரனா அடிச்சதும் தெரியல, அப்பா போய், இன்னைக்கு அது வராதுப்பான்னு பஸ்ஸை அனுப்பி வச்சதும் தெரியல.