உறவுமுறைக்கு நேரே

'நோயாளிக்கு உறவுமுறை' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே பேனாவை வைத்த அருள்பிரகாஷ், எதுவும் எழுதாமல் எடுத்தான். ஆஸ்பத்திரிச் சம்மதத் தாளில் ஒரு நீலப் புள்ளி மட்டும் விழுந்தது. மேலே இருந்த வரிகளைத் தயங்காமல் நிரப்பியிருந்தான். பெயர் கி. ஜோவிதா, வயது பதினாறு, முகவரி நோணாங்குப்பம். கையெழுத்துப் போடுகிறவர் பெயரும் எழுதியாகிவிட்டது. இந்த ஒரு வரிதான் பாக்கி.

"எழுதிட்டீங்களா? அப்பா தானே நீங்க?" என்றாள் நர்ஸ். அவள் கேட்டபோது ஜோவிதா ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி தாங்காமல் திரும்பினாளா, அவன் சொல்லப்போகும் பதிலைக் கேட்க வேண்டாம் என்று திரும்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. 'ஆமாம்' என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

நர்ஸ் கையில் ஆதார் நகல் இருந்தது. "தகப்பனார் பேரு கிறிஸ்துராஜ்னு இருக்கு. நீங்க அருள்பிரகாஷ்."

"அவரு இறந்துட்டாருங்க. ஏழு வருஷம் ஆவுது. நான்... இவங்க அம்மாவ கட்டியிருக்கேன்."

"அம்மா எங்க?"

"வேளாங்கண்ணிக்குப் போயிருக்காங்க. வேன்ல வந்துக்கிட்டு இருக்காங்க. போன் போட்டுத் தரேன், பேசுங்க."

ஜோவிதாவின் அம்மா ஆனந்தமேரியிடம் டாக்டர் போனில் பேசினார். குடல்வால் வீங்கிவிட்டது, வெடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்றார். மறுமுனையில் அவள் அழுதுகொண்டே, "பண்ணிடுங்க டாக்டர், பண்ணிடுங்க" என்றாள். வேன் அப்போதுதான் காரைக்காலைத் தாண்டியிருந்தது. டாக்டர் போய்விட்டார். நர்ஸ் மட்டும் விடவில்லை. "அம்மா சொன்னது சரி. தாள்ல ஒருத்தர் கையெழுத்து வேணும். ரத்த சொந்தம் யாராவது ஊர்ல இருந்தா வரச்சொல்லுங்க, பின்னாடி பிரச்சினை வராது. இல்லன்னா நீங்க என்ன முறைன்னு தெளிவா எழுதுங்க."

என்ன முறை? கல்யாணமான புதிதில் ஆனந்தமேரி அதற்கு ஒரு வழி சொல்லிப் பார்த்தாள். "சித்தப்பான்னு கூப்புடேன் பாப்பா." ஜோவிதா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஒரு சித்தப்பா இருக்காரு. இன்னொண்ணு எதுக்கு?" என்றாள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவள் அவனை எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை. சண்டையும் போட்டதில்லை. 'சாப்டாச்சா', 'கெளம்பியாச்சா', 'சாவி எடுத்தாச்சா' என்றுதான் அவனிடம் பேசுவாள். யாரைக் கேட்கிறோம் என்று சொல்லாமலே எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று அவன் அவளிடம்தான் கற்றுக்கொண்டான். அவன் பக்கத்தில் இல்லாதபோது சினேகிதிகளிடம் என்ன சொல்கிறாள் என்று யோசித்திருக்கிறான். கேட்டதில்லை.

நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஞாயிற்றுக்கிழமை. சுற்றுலாப் படகுத்துறையில் இந்நேரம் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். அவன் ஓட்டவேண்டிய படகை யாராவது எடுத்திருப்பார்கள். உள்ளேயிருந்து ஜோவிதா முனகுவது கேட்டது. மூன்று தடவை போனை எடுத்து எடுத்துப் பையில் போட்டான். நான்காவது தடவை அல்போன்ஸை அழைத்தான்.

அல்போன்ஸ், கிறிஸ்துராஜின் தம்பி. முதலியார்பேட்டையில் இருக்கிறார், பத்திரம் எழுதுகிறவர். அண்ணி மறுகல்யாணம் செய்துகொள்கிறாள் என்று தெரிந்ததும் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டவர். கல்யாணத்துக்கு வரவில்லை. அருள்பிரகாஷ் விஷயத்தைச் சொன்னதும், "எந்த வார்டு?" என்று மட்டும் கேட்டார். கால் மணி நேரத்தில் பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு படியேறி வந்தார்.

தாளை வாங்கி, தொழில் பழக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். வெற்று வரியில் இருந்த நீலப் புள்ளியில் விரல் நின்றது.

"என்ன எழுதறதா இருந்தீங்க?"

"தெரியலைங்க."

"பத்திரத்துல 'தாயின் மறுமணக் கணவர்'னு போடுவோம்."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குள் ஜோவிதா எங்கேயும் இல்லை. அல்போன்ஸ் அவன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துத் தன் பெயரை எழுதினார். உறவுமுறைக்கு நேரே 'சித்தப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. நர்ஸ் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வேறொரு தாளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா எப்ப சாப்ட்டுச்சு?"

அல்போன்ஸ் தான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தார்.

"காலைல ஆறரைக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும்" என்றான் அருள்பிரகாஷ், அவருக்குப் பின்னாலிருந்து. "ஏழு மணிக்கு வாந்தி. எட்டரைக்கு இன்னொரு தடவ. நேத்து நைட்டே தோசைய பிச்சு வச்சுட்டு எழுந்துடுச்சு. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"சல்பா மாத்திரை சேராதுங்க. போன வருஷம் காய்ச்சலுக்குக் குடுத்து ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அந்தச் சீட்ட போட்டோ புடிச்சு வச்சிருக்கேன்."

"வீசிங்?"

"சின்ன வயசுல இருந்ததுன்னு அவங்கம்மா சொல்லுவாங்க. நான் வந்தப்புறம் இல்ல."

நர்ஸ் குனிந்தபடியே எழுதிக்கொண்டு போனாள். யார் பதில் சொல்கிறார்கள் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அல்போன்ஸ் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜோவிதா கண்ணை இறுக மூடியிருந்தாள். கதவு சாத்திய பிறகு இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். அருள்பிரகாஷால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தான், கதவுவரை போனான், திரும்பினான். காலுக்குக் கீழே படகு ஆடுவதுபோல இருந்தது.

"உக்காருங்க" என்றார் அல்போன்ஸ். பிறகு அவராகவே பேசினார். "முப்பது வருஷமா உறவு எழுதறதுதான் எனக்குத் தொழிலு. மூத்த தாரத்துப் பிள்ளைங்களுக்கு இளைய தாரத்த மாற்றாந்தாய்னு எழுதியிருக்கேன். மாற்றாள்னா சக்களத்தி. சக்களத்தி இருந்திருக்கா, அதனால சொல்லும் இருக்கு. வாசல்ல கேட்டா சித்தின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. உங்களுக்குத்தான் சொல்லு இல்ல. பொம்பளைங்கள எங்க திருப்பிக் கட்டிக்க உட்டோம், சொல்லு வர்றதுக்கு?" பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நானும் தானே உடாம நின்னேன்."

அருள்பிரகாஷ் கதவை விட்டு அவர் பக்கம் வந்தான்.

"எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. பிரெஞ்சுக்காரங்க இந்த முறைக்கு 'போ பேர்'ம்பாங்க. அழகான அப்பான்னு அர்த்தம். மாமனாருக்கும் அதே சொல்லுதான்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட அந்தப் புள்ளைய வந்து பாக்கல. சித்தப்பான்னா சின்ன அப்பா. பெரியவன் போயிட்டா சின்னவன்தானே வந்து நிக்கணும்? டீ குடிச்சுச்சான்னு கேட்டா எனக்குத் தெரியல."

"நீங்க வந்தீங்களே, அதுவே போதும்" என்றான் அருள்பிரகாஷ். போதவில்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. சொன்ன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான், முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில்.

கதவு திறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆனந்தமேரியின் வேன் கடலூரைத் தொட்டிருந்தது. டாக்டர் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் நர்ஸ் தலையை நீட்டினாள்.

"ஜோவிதாவோட ஆளு யாரு?"

இருவரும் எழுந்தார்கள்.

"முழிச்சிருக்கு. ஒருத்தர் மட்டும் வாங்க. 'அவரு எங்க, அவரு எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. எவரும்மான்னா சொல்லத் தெரியல. யாருங்க அது?"

அல்போன்ஸ் ஓர் அடி எடுத்து வைத்தார். அப்படியே நின்றார். அருள்பிரகாஷின் முதுகில் கை வைத்து, "போங்க. உங்களைத்தான்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். குளிரூட்டிய அறையில் நான்கைந்து கட்டில்கள் இருந்தன. கடைசிக் கட்டிலில், பச்சைப் போர்வைக்கு வெளியே அவளுடைய ஒரு பாதம் தெரிந்தது. போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினான். ஜோவிதா கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள் என்றுதான் தோன்றியது. உலர்ந்த உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மறுபடி கண் மூடிக்கொண்டது. ஊசி ஏற்றியிருந்த கை மட்டும் விரிப்பின்மேல் மெல்ல நகர்ந்து வயிற்றோரம் ஒதுங்கியது. கட்டிலின் விளிம்பில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. கை வலியில் நகர்ந்ததா, இடம் விட்டதா என்று தெரியாமல், அருள்பிரகாஷ் அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.