ஆட்டுச்சரிவுக்குக் கீழே ஒரு கல்யாணம்

பனிச்சரிவுக் குழுவில் மூன்றே பேர்: தலைவர் செவரின், பேக்கரி கஸ்ஸியான், பனி வழிக்கும் வண்டி ஓட்டும் ரோமெட். ஆட்டுச்சரிவில் பனி எப்போது பிடி விடும் என்று பார்த்து, கீழே போகிற சாலையை மூடுவதும் திறப்பதும் இவர்கள் பொறுப்பு. மூடினால் ஊர் திட்டும். மூடாமல் ஏதாவது ஆகிவிட்டால் கோர்ட் திட்டும்.

இன்றைக்குக் குழு கூடியது விடுதிச் சமையலறையில், வறுத்த பன்றி இறைச்சித் தட்டுகளுக்கு நடுவில். வெளியே கூடத்தில் ரோமெட்டின் கல்யாண விருந்து அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மணப்பெண் ஆஃப்ரா, செவரினின் ஒரே மகள்.

மாப்பிள்ளை மேல் செவரினுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. குழுவில் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. முதுகெலும்பே இல்லாதவனுக்கா என் பெண் என்று மனைவியிடம் புலம்பித் தீர்த்திருந்தார்.

"காலையில என்னத்தப் பாத்த, சொல்லு," என்றார் ரோமெட்டிடம்.

விடியும்போதே பனிச்சறுக்குக் கட்டைகளோடு மேலே ஏறி, குழி தோண்டிப் பார்த்துவிட்டு நேராகத் தேவாலயத்துக்கு வந்தவன் ரோமெட். பாதிரியார் ஆசீர்வதிக்கும்போது அவன் முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"புதுப் பனி முழங்கால் உசரம் மாமா. காத்து வேற கொண்டாந்து கொண்டாந்து அடுக்கிருக்கு. அடியில பழசு சர்க்கரையாட்டம் உதிருது. மம்பட்டிய வச்சு லேசாத் தட்டினேன், மேல இருந்தது பலகையா வழுக்கிட்டு வந்துருச்சு."

"நீ தட்டினா எதுதான் வழுக்காது?" என்றார் கஸ்ஸியான். "பேண்டு வாத்தியக்காரங்க ஊருக்குப் போவணும்பா. தொறந்தே கெடக்கட்டும்."

"மூடணும்," என்றார் செவரின்.

ஆளுக்கொரு பக்கம். இனி ரோமெட் சொல்வதுதான்.

செவரினுக்கோ வேறு கவலை. கூடத்தில் ஆஃப்ரா இல்லை. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் தோழர்கள் பெண்ணைக் 'கடத்தி' ஏதோ ஒரு விடுதியில் ஒளித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் குடித்த ஒயினுக்குத் தண்டம் அழுது மீட்டு வரவேண்டும். இந்தப் போக்கிரிகள் ஒளித்த இடம் ஆட்டுச்சரிவைத் தாண்டி, அடுத்த ஊரில். போன கார் செவரினுடையது. பயல் கொஞ்சம் அலையட்டும் என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தவர் அவர்தான். இப்போது உண்மையைச் சொன்னால் இவன் 'திறங்க' என்று சொல்லிவிட்டு, சரிவுக்கு அடியிலேயே வண்டியை விடுவான். அதனால் மறைத்துவிட்டார்.

"மூடிரலாம்," என்றான் ரோமெட்.

சரிவின் இரண்டு பக்கமும் சாலையில் கேட் இறங்கியது. ரோமெட் கோட்டை மாட்டிக்கொண்டு பெண்ணைத் தேடக் கிளம்பினான். அவன் எங்கே போகவேண்டும் என்பதை, சிரிப்பை அடக்கமுடியாத ஒரு வாத்தியக்காரன் சொல்லிவிட்டான். கூடமே கொல்லென்று சிரித்தது.

ரோமெட் வெளிறிப்போய்ச் சமையலறைக்குத் திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"நான் மூடச் சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு, மறுபடி ஓட்டுப் போடுவோம்," என்றார் கஸ்ஸியான். "நான் தொறக்கற கட்சிதான். நீ ஒரு வார்த்த சொல்லு, கேட்டத் தூக்கிரலாம்."

வாசலில் கூட்டம் முண்டியது. "மோதிரத்தப் போட்டுட்டு, பொண்டாட்டிய அந்தப் பக்கம் விட்டுட்டு நிக்கறானே, இவனும் ஒரு ஆம்பளையா?" என்றாள் ரோமெட்டின் அத்தை.

போச்சு, என்று நினைத்தார் செவரின்.

ரோமெட் யோசித்தான். "குழியில பாத்தது மாறலையே. மூடியே கெடக்கட்டும்." பிறகு மாமனார் பக்கம் திரும்பினான். "இன்னொரு தடவ எங்கிட்ட மறைச்சீங்க, குழுவுல நீங்க இருப்பீங்க, நான் இருக்கமாட்டேன்."

இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே விவஸ்தையில்லாமல் ஒரு சந்தோஷமும்.

மறுநாள் காலை மூடுபனி விலகியதும், தேங்கிய பனியை வேண்டுமென்றே சரியவைக்க ஹெலிகாப்டர் வெடி போட்டது. ஊரே காப்பியும் கையுமாக நின்றது. பெருசா விழணும் ஆண்டவரே, மானத்தைக் காப்பாத்து என்று செவரின் வேண்டினார். மேஜை விரிப்பு அளவுக்குப் பனி வழுக்கி, பாதியிலேயே நின்றது. அடுத்தடுத்துப் போட்ட வெடிகளுக்கும் சரிவு அசையவில்லை.

"இதுக்கா ஒரு பொண்ண ராவெல்லாம் பிரிச்சு வச்சீங்க?" என்று கஸ்ஸியான் கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

கேட் திறந்தது. கல்யாண கவுனும் யாருடையதோ ரப்பர் பூட்ஸுமாக ஆஃப்ரா வந்து இறங்கினாள். "யாரு மூடச் சொன்னது?"

"உன் புருசன்தான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவயா சொன்னான்," என்றார் கஸ்ஸியான்.

"நான்தாம்மா," என்று குறுக்கே விழுந்தார் செவரின். "என்னைத் திட்டு."

"இல்ல, நான்தான்," என்றான் ரோமெட்.

ஆஃப்ரா சரிவை அண்ணாந்து பார்த்தாள். "கேட்டு பக்கத்துலயே கார்ல உக்காந்திருந்தோம். இன்ஜின நிறுத்தவே இல்ல. கேட்டத் தூக்கியிருந்தா, நீ பாத்துட்டுத்தான் தொறந்திருப்பேன்னு நம்பி நேரா இதுக்கு அடியில வந்திருப்பேன்."

அவள் ரோமெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்ஸியான் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். சாவி கொடுத்த கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, செவரின் சாலையோரப் பனிக்குவியலில் உட்கார்ந்துவிட்டார்.