எட்டுக்குப் பிறகு

வாத்து வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தப் பெயர் என் மனைவி வைத்தது. இருவரும் பதினோரு வருடம் ஜோடியாகக் கலை நீச்சல் ஆடியவர்கள், பாட்டுக்கு ஒரே அசைவாக. எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் ஒலிம்பிக்ஸ் போனார்கள். பன்னிரண்டாம் இடம். என்னோடு அவள் வாழ்ந்தது இரண்டே வருடம். நான்கு மாதத்துக்கு முன் லாரி மோதி இறந்தாள்.

போட்டி நாட்களில் அவள் தலையில் ஜெலட்டினைப் பூசி முடியைப் படியவைப்பது வாத்து. வீட்டில் வெந்நீர் ஊற்றி அதைக் கரைப்பது நான். தூக்கத்திலும் எட்டு எட்டாக எண்ணுவாள். கை பக்கத்தில் துழாவும். தேடியது என்னையல்ல.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"அடுத்த மாசம் அணித் தேர்வு. இதை விட்டா எனக்கு இன்னொரு ஒலிம்பிக்ஸ் கிடையாது. புது ஜோடியோட எண்ணிக்கை சேரவே மாட்டேங்குது. பாட்டு மேல அவ எண்ணிப் பதிவு பண்ணாளே, அதைத் தண்ணிக்கடியில ஸ்பீக்கர்ல போடுவோம். என்கிட்ட இருந்தது ஃபோன் குளத்துல விழுந்ததோட போச்சு. ஊரே நீந்துது, என் ஃபோனுக்குத்தான் நீச்சல் தெரியல."

"தேடிப் பாக்குறேன்."

தேட வேண்டியதே இல்லை. தினமும் கேட்கிறேன். மூன்று நிமிடம் எண்ணிக்கையும், "மூச்சு விடுடி", "காலை நீட்டுடி" என்று வாத்துக்கான கொஞ்சலும். கடைசி எட்டுக்குப் பிறகு மட்டும்: "போதும், மேல வாடி. வீட்ல ஒருத்தர் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருப்பார்."

எனக்கென்று இருப்பது அந்த ஆறு விநாடி. அதை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் ஃபோன் வந்தது.

"அண்ணா, கடைசி இல்லையே?"

"எட்டோட முடியுதே."

"இல்லண்ணா. எட்டுக்கு அப்புறம் உங்களைத் திட்டுவா. அந்தத் திட்டு முடியற இடத்துலதான் ரெண்டு பேரும் தலை தூக்குவோம். ஒலிம்பிக்ஸ்லகூட மனசுக்குள்ள அதைச் சொல்லிட்டுத்தான் மேல வந்தோம். இன்னைக்கு அது வரல. புதுப் பொண்ணு மேல போயிட்டா, நான் அடியிலேயே கிடந்தேன்."

அதையும் எனக்கு முன்னால் இவள்தான் கேட்டிருக்கிறாள், தினமும், பக்கத்தில் இருந்து.

முழுப் பதிவையும் அனுப்பினேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?"

"ஆறு. ஏண்ணா?"

"தண்ணிக்கடியில அது எப்படிக் கேக்கும்னு தெரியணும்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

"தலையை மட்டும் முக்கினா போதும்."