புதன்கிழமைப் பட்டுச்சீலை

பிரெஞ்சுத் தலைநகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மறைக்கவே முடியாத சாமான் ஒன்று உண்டென்றால் அது பட்டுச்சீலைதான். காய்ச்சலை மறைக்கலாம். காதலைக்கூடக் கொஞ்ச நாளைக்கு மறைக்கலாம். வேலைநாளில் பட்டுச்சீலை உடுத்து அந்தத் தெருவில் பத்தடி நடந்து பாருங்கள், "ஆற்றை கலியாணம்? ஆர் வீட்டிலை?" என்று கேட்காமல் ஒரு குஞ்சும் விடாது. இத்தனை வருசமாக அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் கரிகாலனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த மனுசன் ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் திட்டம் போட்டார். போட்ட திட்டம் என்ன ஆனது என்பதுதான் கதை.

எல்லாம் அக்காவால் வந்த வினை. கரிகாலனின் அக்கா குணமலர் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். புறநகரான பொண்டியில் தம்பி வீட்டில் பெட்டியை இறக்கிவைத்து, முதல் தேத்தண்ணியில் பாதிகூடக் குடித்து முடிக்கவில்லை, விசயத்தை உடைத்தார்.

"நான் முலான் ரூஜ் பாக்கவேணும். டிக்கெற் அங்கையிருந்தே எடுத்துப்போட்டன். நாலு. எனக்கு, உனக்கு, யசோவுக்கு, பிள்ளைக்கு. புதன்கிழமை பின்னேரம்."

கரிகாலனுக்குத் தேத்தண்ணி புரையேறியது. லா சப்பலில் மெத்ரோ ஏறினால் நாலாவது தரிப்பு அது. வாசலில் சிவப்புக் காற்றாலை, உள்ளே இறகு கட்டிய பெட்டைகளின் ஆட்டம். உலகம் முழுக்க விமானம் ஏறி வந்து பார்க்கிறது. கரிகாலன் கடையிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை.

"அக்கா, அது அரைகுறை உடுப்போட ஆடுற இடம்."

"தெரியும். நான் முழு உடுப்போடதான் வரப்போறன். பிறகென்ன உனக்கு?"

மனைவி யசோதினி தன் பக்கம் நிற்பாள் என்று கரிகாலன் குசினியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எத்தினை மணிக்கு மச்சாள்?" என்று கேட்டாள். பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு அந்த வாசலைப் பஸ்ஸிலை கடந்துதான் போறன். கேக்கேக்கை எல்லாம் அது எங்களுக்கில்லை, எங்களுக்கில்லை எண்டியள். எங்களுக்கில்லையெண்டா ஆருக்கு? எனக்கு ஆசையாக் கிடக்கு. போகத்தான் போறன்."

அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கரிகாலன் மகளைப் பார்த்தார். மகள் அக்‌ஷரா மட்டும் தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே, "நோன், மெர்சி பப்பா" என்றாள். அப்பா அம்மாவோடு அங்கே போய் உட்காருவதைவிட லீவு நாளில் வேலைக்குப் போவது மேல் என்று பிரெஞ்சில் சேர்த்தும் சொன்னாள். ஆக, நாலாவது டிக்கெற் மிஞ்சியது. அதை வேறு ஆருக்கும் கொடுக்கவும் வழியில்லை. கொடுப்பதென்றால் சொல்லவேண்டுமே!

சொல்லப் பயந்ததற்குக் காரணம் ஊர்வாய் மட்டுமல்ல, தில்லையம்பலம்.

தில்லையம்பலம் யசோதினியின் ஒரே அண்ணை. செவ்ரானில் இருக்கிறார். தேவாரம் பாடாமல் சோற்றில் கை வைக்காத மனுசன். அக்‌ஷரா பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்தபோது, தாய்மாமனான அவருக்குக் கரிகாலன் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பிவிட்டார். கடையை விட்டு அசைய நேரமில்லை, முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டார். எங்கள் ஆக்களுக்கு அழைப்பிதழ் என்பது அதில் எழுதியிருப்பதல்ல. அதைக் கொண்டுவந்து கையில் தந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்கிற வாய்தான். அதுவும் தாய்மாமனுக்கு! மாமன் வரவில்லை. மாமன் செய்யவேண்டிய சடங்கையெல்லாம் வேறொருவர் செய்தார். யசோதினி அன்றைக்கு மணவறைக்குப் பின்னால் நின்று அழுதாள். அதன்பிறகு வருசக்கணக்காக அண்ணனும் தங்கையும் கதைக்கவில்லை. போன தைப்பொங்கலுக்குத்தான் அவர் தானாகவே கடைக்குள் வந்து, "சக்கரை கிடக்கோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு யசோதினிக்கு உயிர் திரும்பி வந்தது. அவளுக்கென்று இந்த நாட்டில் உள்ள ஒரே கூடப்பிறப்பு அவர்தான்.

ஒட்டின பானை இன்னும் காயவில்லை. இந்த நேரத்தில், தங்கச்சியைக் கபரே ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான் என்று அவர் காதில் விழுந்தால்?

அதனால் திட்டம் போட்டார். பொண்டியிலிருந்து பெண்கள் இருவரும் லா சப்பல் பக்கமே வராமல் வேறு வழியால் நேரே முலான் ரூஜ் இருக்கும் பிளான்ஷ் தரிப்புக்கு வரவேண்டும். அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வந்து சேருவார். உடுப்பு சாதாரணமாக இருக்கட்டும். ஒரு கால்சட்டை, ஒரு சட்டை போதும்.

"டிக்கெற்றிலை நேர்த்தியான உடுப்பு எண்டு போட்டுக்கிடக்கு," என்றார் குணமலர் அக்கா. "நேர்த்தியெண்டா எனக்குப் பட்டுத்தான்."

"அக்கா, மேலை ஒரு கோட்டாவது போடுங்கோ."

"இந்த வெக்கைக்கையோ? ஆடுறவள் உடுப்பில்லாமல் ஆடுவாள், பாக்கிறவள் கோட்டுக்குள்ளை அவியிறதோ?"

கரிகாலன் கைகூப்பிக் கும்பிட்டதுதான் மிச்சம்.

புதன்கிழமை பின்னேரம் கடைக் கதவை இழுத்துவிட்டுத் திரும்பினால், கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து இரண்டு மயில்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம், யசோதினி அரக்குச் சிவப்பு. கலியாணவீட்டு அட்டியல், கல்லுத்தோடு, கை நிறையக் காப்பு. ஆனி மாதத்து வெயில் அத்தனையிலும் பட்டுத் தெறித்தது.

"இஞ்சை ஏன் வந்தனீங்கள்?" கரிகாலன் ஓடிப்போய் மறித்தார்.

"பூ வாங்க," என்றார் அக்கா. "பட்டு உடுத்துப்போட்டு மொட்டைத் தலையோட போறதோ? பூ இஞ்சைதானே விக்குது."

வேலியில் போன ஓணானை மடியில் கட்டின கதைதான். முடிதிருத்தும் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைத்தொலைபேசிக் கடைப் பொடியன் புன்னகைத்தான். பூ விற்கும் மனுசி மல்லிகையை முழம் போட்டபடி அவர்களை அடியிலிருந்து முடிவரை ஒருமுறை அளந்துவிட்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள்.

"ஆற்றை கலியாணம்?"

"கலியாணமில்லை," என்றார் கரிகாலன் அவசரமாக. "ஒரு சாமத்தியவீடு."

ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். புதன்கிழமையில் ஆர் சாமத்தியவீடு வைப்பார்கள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். கரிகாலன் ஒரு கலியாணமும் இல்லாமலே பொய்யைத் தொடங்கிவிட்டார்.

"எங்கை?"

"பொண்டியிலை."

"ஆரெண்டு?" இந்தக் கேள்வி பூக்காரியுடையதல்ல. பின்னாலிருந்து வந்தது. கரிகாலன் திரும்பினார். ஒரு கையில் மீன் பை, மறுகையில் முருங்கைக்காய்க் கட்டு, நீரிழிவுக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் போடச்சொன்ன வெள்ளைச் சப்பாத்தோடு தில்லையம்பலம் நின்றார்.

"வாங்கோ மச்சான்," என்றார் கரிகாலன்.

"ஆற்றை பிள்ளை எண்டு கேட்டனான். பொண்டியிலை எனக்குத் தெரியாத தமிழ் வீடு இல்லையே."

"உங்களுக்குத் தெரியாது. புதிசா வந்த ஆக்கள். அச்சுவேலிப் பக்கம்."

சொல்லி வாய் மூடமுன்னரே கரிகாலனுக்கு நினைவு வந்தது. தில்லையம்பலத்தின் மனைவிக்கு ஊர் அச்சுவேலி. அச்சுவேலியில் ஒரு கோழி முட்டையிட்டாலும் அடுத்த நாள் செவ்ரானுக்குச் செய்தி வந்துவிடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரி, பயந்தவனுக்கோ அதுவும் கிடையாது.

தில்லையம்பலத்தின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. "என்ரை மனிசியின்ரை ஊர் ஆக்கள். பக்கத்திலை, பொண்டியிலை, சாமத்தியவீடு வைக்கினம். உங்களைக் கூப்பிட்டிருக்கினம். கனடாவிலையிருந்து வந்தவவையும் கூப்பிட்டிருக்கினம். எங்களுக்கு ஒரு சொல்லுக்கூடச் சொல்லேல்லை." அவர் மீன் பையை நிலத்தில் வைத்தார். "பொறும், அவளிட்டையே கேப்பம். ஆரெண்டு அறியத்தானே வேணும்."

அவர் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி போகத் தொடங்கியது. அந்தப் பக்கம் எடுத்தால் போதும், அரை மணித்தியாலத்தில் அச்சுவேலிக் குடும்பங்கள் அத்தனையும் ஒன்றையொன்று சந்தேகப்படத் தொடங்கிவிடும். கடைசியில் பொய் யாருடையது என்று தெரியவரும். பிறகு இந்த மனுசன் கடை வாசலை மிதிப்பாரா? கரிகாலன் மனைவியைப் பார்த்தார். யசோதினியின் கண் நிறைந்திருந்தது. அவள் ஓர் அடி முன்னால் வந்து அண்ணனின் தொலைபேசியைக் கையால் பொத்தினாள்.

"அண்ணை, வையுங்கோ. சாமத்தியவீடுமில்லை, ஒண்டுமில்லை. இவர் பொய் சொல்லுறார். நாங்கள் முலான் ரூஜுக்கு ஆட்டம் பாக்கப் போறம். நான்தான் ஆசைப்பட்டனான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. ஆனா கதைக்காமல் மட்டும் விட்டிடாதேங்கோ. இன்னொருக்கா என்னாலை ஏலாது."

பூக்காரியின் கையில் முழம் பாதியில் நின்றது. தில்லையம்பலம் தொலைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அப்ப சாமத்தியவீடு இல்லை?"

"இல்லை அண்ணை."

"அச்சுவேலி ஆக்கள் ஒருத்தரும் எங்களை விட்டுப்போட்டுச் செய்யேல்லை?"

"இல்லை."

அவர் பெரிய மூச்சொன்று விட்டார். கரிகாலன் ஏச்சுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பண்பாடு வரும், தமிழ் வரும், தேவாரம் வரும் என்று எதிர்பார்த்தார். அது எதுவும் வரவில்லை.

"எத்தினை டிக்கெற்?" என்றார் தில்லையம்பலம்.

"நாலு," என்று குணமலர் அக்கா முந்திக்கொண்டு சொன்னார். "ஒண்டு சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கு," என்று அவர் திருப்பிச் சொன்னார். "அப்பவும் எனக்குச் சொல்லேல்லை. கபரேயெண்டா என்ன, கலியாணமெண்டா என்ன? சொல்லாமல் விட்டது விட்டதுதானே."

கரிகாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. மனுசன் கபரேக்குக் கோபிக்கவில்லை. தான் கணக்கில் இல்லாமல் போனதற்குத்தான் கோபிக்கிறார். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். அன்றைக்குக் கரிகாலன் முத்திரையாவது ஒட்டினார்; இன்றைக்கு அதுவும் இல்லை. கரிகாலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவின் கைப்பைக்குள்ளிருந்து நாலாவது டிக்கெற்றை வாங்கினார். நடுத்தெருவில், முடிவெட்டுக் கடையும் பூக்கடையும் பார்த்திருக்க, இரண்டு கையாலும் அதை நீட்டினார். செவ்ரான் வீட்டு வாசலில் அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தையை இன்றைக்குச் சொன்னார்.

"மச்சான், நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஒண்டும் சிறக்காது. கட்டாயம் வரவேணும்."

தில்லையம்பலம் உடனே வாங்கவில்லை. மரியாதைக்கு ஒருமுறை மறுக்கவேண்டுமல்லவா?

"கையிலை மீன் கிடக்கு."

"கடையிலை குளிர்பெட்டி கிடக்கு."

"சப்பாத்து இப்பிடிக் கிடக்கு."

"செத்தவீட்டுக்குப் போடுற கறுத்தச் சப்பாத்து கடையிலை வைச்சிருக்கிறன். உங்கட அளவுதான்."

அவர் சால்வையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் டிக்கெற்றை வாங்கிக்கொண்டார். குணமலர் அக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "ஆட்டம் தொடங்கமுன்னம் தேவாரம் படிக்கப்போறியளோ அண்ணை?" என்று கேட்டார்.

"படிச்சாலும் படிப்பன். நல்ல காரியந்தானே."

மீன் குளிர்பெட்டிக்குள் போனது. கறுத்தச் சப்பாத்து காலுக்கு ஏறியது. முருங்கைக்காயைப் பூக்காரியிடம் ஒப்படைத்து, நாலு பேருமாக மெத்ரோப் படியில் கால் வைத்த நேரம் தில்லையம்பலத்தின் தொலைபேசி அடித்தது. தவறின அழைப்பைப் பார்த்து மனைவிதான் திருப்பி எடுத்திருந்தார். தில்லையம்பலம் மூவரையும் பார்த்தார். கொஞ்சம் முழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"ஓமப்பா, நான் வரப் பிந்தும். கரிகாலன் ஆக்களோட ஒரு சாமத்தியவீட்டுக்கு..."

"ஆற்றை?" அந்தக் குரல் படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

யசோதினி சிரித்தபடி அண்ணனின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள்.

"அண்ணி, பொய். நாங்கள் முலான் ரூஜுக்குப் போறம். இப்பதான் அண்ணைக்கும் சொன்னனாங்கள். உங்களுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து, இருந்து, முறையாச் சொல்லுறன். அடுத்தமுறை நீங்களும் நானும் தனியப் போவம்."

மேலே மெத்ரோ வந்து நின்று கதவைத் திறந்தது. கரிகாலன் காதைத் தொலைபேசிப் பக்கம் சாய்த்தார்.

"அதெல்லாம் வந்து சொல்லு," என்றது கடைசியில் அந்தக் குரல். "இப்ப நீ என்ன சீலை உடுத்திருக்கிறாய்?"