உள்ளே எழுதிய எண்

நூலகருக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஒரு எண்ணை எழுதியாக வேண்டும். புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலியின் அடியில், சுவர்க் கடிகாரத்தின் முதுகில், ஸ்டேப்ளரின் வயிற்றில் என்று அவர் பேனா போகாத இடமில்லை. நல்லவேளை, கல்யாணத்தன்று அவர் கையில் பேனா இல்லை என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் மனிதர் சும்மா இருக்கவில்லை. புத்தகங்களில் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் நடுவில் ஒரு பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு நடுப்பக்கம் வேண்டும் என்று பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கிலும் மெமரியிலும் வெள்ளை மையால் நுணுக்கி எழுதினார். கொண்டுவந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று, வழக்கம்போல் ஏழுக்கு நடுவே ஒரு கோடும் போட்டார்.

அந்தப் பெட்டி மூன்றாம் வருஷம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நூலகக் குழுவின் செயலாளரிடம் சொன்னால் அவர் ஆளை அனுப்புவார், அதுதான் முறை. ஆனால் நூலகருக்கு மாப்பிள்ளை ஒருவர் இருந்தார், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. வீட்டிலேயே வைத்தியர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நினைத்தார். செயலாளரிடம் சொன்னால் சொந்தக்காரனுக்கு வேலை கொடுப்பதாகப் பேச்சு வரும் என்பதால் அதையும் சொல்லவில்லை. வெள்ளையடிப்பதற்காக நூலகத்தை ஒரு வாரம் பூட்டினார்கள். தூசி படாமல் பெட்டியைத் தன் அறையில் வைத்துப் பூட்டியிருப்பதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, போர்வையில் சுற்றி மாப்பிள்ளை கடைக்குக் கொண்டுபோனார்.

மாப்பிள்ளை வாயாலேயே வடை சுடுபவர். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மாமா, நாளைக்கே தந்துடறேன்" என்றார். மறுநாள் போனால் அது மேஜைக்கு அடியில் போர்வையோடு இருந்தது. அதற்கு மறுநாள் அலமாரிக்கு மேலே இருந்தது. போன் செய்தால் கையில்தான் இருக்கிறது மாமா என்பார். பின்னால் டிவியில் ஆட்டம் ஓடும் சத்தம் கேட்கும். வேறு கடைக்காரனாக இருந்தால் நூலகர் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை என்று சொல்லி வைத்துவிடுவார். நூலகம் திறக்கும் நாள் காலையில்தான் பெட்டி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார் மாப்பிள்ளை. அடுத்த மாதமே, மாமாவுக்கென்று தானே பாகங்களைச் சேர்த்து அமைத்த ஒரு கம்ப்யூட்டரையும் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பட்டனைத் தொட்டால் பறந்தது. அதைக் காட்டுவதற்காகவே நூலகர் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

நூலகத்துப் பெட்டியோ முன்னைவிட மோசமாகி, ஒரு நாள் படுத்தேவிட்டது. செயலாளரின் ஆள் வந்து திறந்து பார்த்து, உள்ளே இருப்பதெல்லாம் பழைய சரக்கு, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார். நூலகரும் எட்டிப் பார்த்தார். அவர் எழுதிய எண் எதிலும் இல்லை.

வெள்ளையடித்த வாரம் பெட்டி எங்கே இருந்தது என்று செயலாளர் கேட்டார். நூலகர் தன் அறையில் என்றார். சாவிக்கொத்து யாரிடம் இருந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. அது டோக்கன் அக்காவிடம் இருந்தது. வாசலில் உட்கார்ந்து, வாசகர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். வெள்ளையடிப்பவர்களுக்குத் தினமும் கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான். போதாத காலம், அந்த மாதம்தான் மகளுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள்.

அக்கா செயலாளரைப் பார்க்கவில்லை, நூலகரைப் பார்த்தாள். "சார், நீங்களே சொல்லுங்க. நான் ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா?"

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒருவேளை கடையில் வேறு யாராவது மாற்றியிருக்கலாம், மாப்பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம் என்று மனசுக்குள் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். விசாரிப்போம்மா என்று மட்டும் சொன்னார். செயலாளர் சாவியை வாங்கிக்கொண்டார். இனிமேல் மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவள் பையை நூலகர் சோதித்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஊரார் பைகளைக் காத்தவள் தினமும் மாலை தன் பையைத் திறந்து காட்டினாள். நூலகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, சும்மா ஒரு கடமைக்குத்தாம்மா என்பார். அவள் டிபன் பாக்ஸைத் தானே திறந்து காட்டிவிட்டு மூடுவாள்.

அந்த மூடி திறக்கும் சத்தம் வீடு வரை அவரோடு வந்தது. மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று தனக்குத் தானே நிரூபித்துக்கொண்டால்தான் சோறு இறங்கும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளை கொடுத்த கம்ப்யூட்டரைக் கூடத்தில் கிடத்தித் திருகாணிகளைக் கழற்றினார். மூடியை எடுத்தார்.

உள்ளே வெள்ளை மையில் அவர் கையெழுத்து இருந்தது. நடுவே கோடு போட்ட ஏழு.

 பக்கத்து வீட்டுக்காரர்களை உட்காரவைத்துக் காட்டிய பெருமை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திருட்டுப்பொருளை நடுவீட்டில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸைச் சோதித்தவன் நான் என்று நினைத்தபோது, அவருக்கு நிமிர்ந்து சுவரைப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ப் பஞ்சும் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவமும் கொண்டுவந்து வைத்தாள். "நம்ம பொண்ணு அங்க வாழணுங்க" என்றாள்.

அவர் பஞ்சை நனைத்தார். முதல் இலக்கம் சுலபமாகப் போய்விட்டது. ஏழிடம் வந்தபோது கை நகரவில்லை. பஞ்சைக் கீழே போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துவிட்டுச் சொன்னார்.

மகள் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. "எனக்குத் தெரியும்ப்பா. கடைக்கு வர்ற எல்லாருக்கும் இதேதான் பண்றாரு. நீங்க, 'என் மாப்பிள்ளை மாதிரி உண்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்றது?"

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நீ எப்ப வேணும்னாலும் இங்க வரலாம்மா என்று மட்டும் சொன்னார். அது காலம் கடந்து வந்த பேச்சு என்பது அவருக்கே தெரிந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கொடுத்த கம்ப்யூட்டரை அதே போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ச் செயலாளரின் மேஜைமேல் வைத்தார். அக்காவையும் கூப்பிடச் சொன்னார். நூலகத்துப் பெட்டி என் அறையில் இல்லை, என் மாப்பிள்ளை கடையில் இருந்தது, பாகங்களை எடுத்தவர் அவர்தான், பொய் சொன்னது நான் என்று சொல்லி முடித்தார். செயலாளர் நல்ல மனிதர். நீங்கள் இத்தனை வருஷம் இங்கே இருந்தவர், குடும்ப விஷயம், பொருள்தான் திரும்பி வந்துவிட்டதே, நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சாவியை அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நூலகருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலை நூலகம் காலியானது. தினமும் மேஜைமேல் வைக்கும் பையை அக்கா இன்று வைக்கவில்லை. தோளிலேயே மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். நூலகர் தன் பையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துத் திறந்தார்.

வேண்டாம் சார், போங்க என்று சொல்லிவிடுவாள் என்றுதான் உள்ளுக்குள் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்து இப்போது வெட்கப்பட்டார்.

அக்கா சொல்லவில்லை. குடையை எடுத்து வெளியே வைத்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்தாள். உள் ஜிப்பை இழுத்து விரலால் துழாவினாள். கடைசியாக டிபன் பாக்ஸை எடுத்து, மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பையை மூடினாள்.

"சரி சார், போலாம்" என்றாள். "நாளைக்கும் காட்டணும்."