இடது பக்கத்துக் கிட்டார்

மூஞ்சியில் வெள்ளையடித்துக்கொண்டு, பேய் பிடித்ததுபோலக் கத்தி, ஏறின மேடையையெல்லாம் சுடுகாடாக்கிய அந்த பிளாக் மெட்டல் இசைக்குழு, திடீரென்று மூஞ்சியைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டு இல்லாத வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஒரு ஆல்பம் வெளியிட்டுவிட்டது. டிரம்ஸ் இல்லை. கத்தல் இல்லை. இணையத்தில் ரசிகர் பக்கத்தில் ரத்தக்களறி.

"பல்லைப் பிடுங்கிட்டு வந்து நிக்கிறானுங்க."

"இதுக்குப் பேரு தாலாட்டு. எங்கம்மாவே இதைவிட நல்லாப் பாடும்."

"இத்தனை வருஷம் கத்தினவன் தொண்டையும் தொண்டைதானேடா!"

"முதல் தடவையா இவன் அழுவுறது காதுல விழுது. பஸ்ஸுல உட்கார்ந்து நானும் அழுதுட்டேன், போதுமா?" என்று எழுதிய ஒருவனை ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

பெயிண்ட் கடையில், கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் படித்தாள். கெமிஸ்ட்ரி பட்டதாரி. அவள் வீட்டுக்கே முதல் டிகிரி. அதை வைத்துக்கொண்டு, வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று வீடு கட்டுகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஆல்பம் நன்றாயிருக்கிறதா, குப்பையா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் தேடியது அக்காவை.

பள்ளிக்கூடத்தோடு நின்று, தையல் கம்பெனிக்குப் போய் இவளைப் படிக்கவைத்தவள் அக்கா. அடுத்த அறையில் அப்பா உலகத்தையே திட்டித் தீர்க்கும்போது, கட்டிலில் ஒட்டிப் படுத்துக்கொண்டு ஒரே இயர்போனில் இருவரும் அந்தக் குழுவைக் கேட்பார்கள். இடது காதுக்குரியது அக்காவுக்கு, வலது காதுக்குரியது இவளுக்கு. குழுவில் இரண்டு கிட்டார். ஒன்று இடது காதில் மட்டும், மற்றது வலது காதில் மட்டும் கேட்கிற மாதிரிப் பதிவு செய்வது அவர்கள் பழக்கம். ஆக, எந்தப் பாட்டிலும் அக்காவுக்குத் தெரிந்தது ஒரு பாதி, இவளுக்குத் தெரிந்தது மறு பாதி. யாருடைய ஆள் கெட்டிக்காரன் என்று தலையணை பிய்கிற வரைக்கும் சண்டை நடக்கும்.

பிறகு அக்கா தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். "அவ செத்துட்டா" என்றார் அப்பா. அக்கா நம்பரை மாற்றிக்கொண்டாள். இவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. படிக்கவைத்தாயே, பட்டம் வாங்கும்போது எட்டிப் பார்த்தாயா, நீயெல்லாம் ஒரு அக்காவா? இதைக் கேட்கவாவது அவள் வேண்டும். அன்றிலிருந்து பாட்டுக் கேட்கும்போதெல்லாம் இடது பக்க இயர்போன் இவள் கழுத்தில் சும்மா தொங்குகிறது.

புது ஆல்பம் வந்தால் அக்கா எங்கிருந்தாலும் கேட்பாள். ரசிகர் பக்கத்துக்கும் வருவாள். ஆனால் அப்பாவுக்குப் பயந்து வேறு பெயரில்தான் வருவாள். இத்தனை கூச்சலில் எது அவள் குரல்?

அக்கா எதையும் பொறுத்துப்போவாள், ஒன்றைத் தவிர. இவள் எழுதினாள்:

"எல்லாம் சரி. முதல் பாட்டுல அந்த இடது பக்கத்துக் கிட்டார்காரனுக்கு லீவு குடுத்திருக்கலாம். தூங்கிட்டே வாசிக்கிறான்."

ரசிகர்கள் விழித்தார்கள். "வீடே பத்தி எரியுதுன்னு நாங்க கத்துறோம், இது ஜன்னலுக்கு என்ன கலர்னு கேக்குது!"

"என்னம்மா, போனை அடைகாக்குறியா?" என்றார் முதலாளி. "குஞ்சு பொரிச்சாச் சொல்லு. இங்க ஒருத்தர் தந்தக் கலர் கேட்டு நிக்கிறாரு."

"யானையே வந்தாலும் ரெண்டு நிமிஷம் நிக்கட்டும் சார்."

டப்பாவைக் குலுக்கும் மெஷினில் ஏற்றினாள். அது தடதடவென்று அதிர, பழைய ஆல்பங்களின் டிரம்ஸ் ஞாபகம் வந்தது. மெஷின் நின்றபோது பதில் வந்திருந்தது. பூப்படம் போட்ட, நேற்று முளைத்த ஒரு கணக்கிலிருந்து.

"இடது பக்கத்தைப் பத்திப் பேச வந்துட்டா பெரிய இவ. நீ என்னைக்குடி அதைக் கேட்ட?"

அடியில் இன்னொரு வரி: "சத்தமில்லாம வந்ததும் நல்லதுதான். மடியில பிள்ளை தூங்கும்போதும் கேக்க முடியுது."

பிள்ளை. அவள் டப்பா அடுக்கில் சாய்ந்துகொண்டாள். "அக்கா" என்று அடித்தாள், அழித்தாள். கூப்பிட்டால் ஓடிவிடுவாள், சண்டை என்றால் நிற்பாள். ஆனாலும் கை கேட்கவில்லை.

"பிள்ளை யாரு ஜாடை?"

வெகுநேரம் கழித்து வந்தது: "மூஞ்சி அவரு ஜாடை. கத்துறது சித்தி ஜாடை."

சித்தி! பொறுக்க முடியாமல் "எங்க இருக்கே?" என்று கேட்டேவிட்டாள்.

கடை சாத்தும் நேரம்வரை பூப்படம் வாயைத் திறக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில், கழுத்தில் தொங்கியதை எடுத்து முதல் தடவையாக இடது காதில் மாட்டினாள். முதல் பாட்டைப் போட்டாள். அந்த ஆள் தூங்கவேயில்லை. வலது கிட்டார் ஒரு வரி கேட்டு நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் அப்படிப்பட்ட இடங்களில் யாருமே இல்லை என்று இவள் நினைத்திருந்தாள்.

இதை அக்காவிடம் போய் ஒப்புக்கொள்ள முடியுமா? ஒப்புக்கொண்டால் சண்டை முடிந்துபோகும்.

ஆல்பத்தில் இன்னும் ஏழு பாட்டு இருந்தது. நாளைக்கு இரண்டாவதைத் திட்டுவது என்று முடிவு செய்துகொண்டு, பஸ் ஏறினாள்.