"ம், நல்லா" என்றேன்

ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, ஸ்கேன் அறை வாசலில் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தேன். அடக்குவதில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களின் கழிப்பறைச் சாவி, கிளார்க்கின் தலைக்கு மேலே ஆணியில், ஒரு மர ஸ்கேலோடு சேர்த்துக் கட்டித் தொங்கும். அதைக் கேட்டு வாங்கி, ஸ்கேல் ஆட ஆட, எட்டாம் வகுப்புப் பையன்களைத் தாண்டிப் போக வேண்டும். அந்தக் கர்மத்துக்குத் தண்ணீரே குடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வீட்டிலும் மூத்திரம் சரியாக வருவதில்லை. அரைமணி உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாக வரும். தும்மலுக்கு நாலு நாள் மாத்திரை போட்டதில் அதுவும் குறைந்துபோனது. "மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க. கல்லா, கட்டியா, நரம்பா, இல்ல அடக்கி அடக்கி வந்ததான்னு பாப்போம். போயிட்டு வந்தப்புறமும் நிறைய தங்கியிருந்தா டியூப் போடணும்," என்றார் டாக்டரம்மா. டியூப் என்றதுமே எனக்கு உயிர் போய்விட்டது.

முதல் ஸ்கேன் முடிந்ததும், ஸ்கேன் எடுக்கும் பெண், "போயிட்டு வாங்கக்கா, மறுபடி பாக்கணும்," என்றாள். போய் உட்கார்ந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அவ்வளவுதான், உள்ளே எல்லாம் இறுகிக்கொண்டது. கையை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

"போயிட்டீங்களா?"

"ம், நல்லா."

அவள் கருவியை வயிற்றில் அழுத்தினாள். திரையில் மூத்திரப்பையின் கறுப்பு வட்டம் கொஞ்சமும் சுருங்காமல் அப்படியே இருந்தது. காப்பியடிக்கும் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தே பழகியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வரல," என்றேன். "வெளிய ஆள் நின்னா வராது. பள்ளிக்கூடத்துல ஒரு நாள்கூட போனதில்ல." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அதற்கு மட்டும் ஒரு தடையும் இல்லை.

அந்தப் பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னொரு தடவ போய்ப் பாருங்க. அப்பவும் வரலேன்னா டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

நாத்தனார் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நான் தாழ்ப்பாள் போட்டதும், "இங்க ரிப்பேர், எல்லாரும் கீழ்மாடிக்குப் போங்க," என்று அவள் கூசாமல் புளுகுவது கேட்டது. பிறகு கதவருகே வந்து, "நான் அந்தக் கோடி ஜன்னல்கிட்ட நிக்கிறேன் அண்ணி. அவசரமே இல்ல," என்றாள்.

செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. ஒரு சொட்டு விழுந்தது. நான் அசையவில்லை. அடுத்தது விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.